விருந்தாளியும் அவன் தேசமும்

ஒருவர் நம் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் நாலு துணிமணி. அவர் கொண்டு வந்தது அவ்வளவுதான் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் அவருக்குப் பின்னால் அவருடைய ஊரும், உறவும், தேசமும் வரிசையாக வாசற்படி ஏறி வருகின்றன. தண்ணீர்ச் செம்பை நீட்டுகிற கை அவர் ஒருவருக்காகத்தான் நீள்கிறது. ஆனால் அவரைப் பார்க்கிற கண், பின்னால் நிற்கிற அந்தக் கூட்டத்தையும் சேர்த்தே பார்க்கிறது. இப்படிப் பார்ப்பது நியாயமா? ஒரு தேசத்தின் புகழையும் பழியையும் அந்தத் தேசத்திலிருந்து வந்த ஒற்றை மனிதனின் தலையில் தூக்கி வைக்க நமக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வி கொஞ்ச காலமாக என்னைத் தொந்தரவு செய்து கொண்டிருக்கிறது. பகைவர்களை உதாரணமாக வைத்து இதை ஆராய்ந்தால் விடை கோணலாகப் போய்விடும். ஆண்டவர்களையும் ஆளப்பட்டவர்களையும் வைத்து ஆராய்ந்தாலும் அப்படியே. அங்கே பழைய காயங்கள் பேச ஆரம்பித்துவிடும், நியாயத்தின் குரல் காதில் விழாது. பகையும் இல்லாமல், ஆண்டான் அடிமைக் கணக்கும் இல்லாமல் இருக்கிற இரண்டு ஜனங்களைத் தேடினேன். ஆஸ்திரேலியரும் அமெரிக்கரும் அகப்பட்டார்கள்.

இருவருக்கும் பாஷை ஒன்று. இரண்டு தேசங்களுமே பிரிட்டிஷார் போய்க் குடியேறி, அங்கே முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு உண்டாக்கியவை. பெரிய யுத்தங்களில் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். அப்படியிருந்தும், ஓர் அமெரிக்க வாலிபன் படிக்கவோ ஊர் பார்க்கவோ சிட்னியில் போய் இறங்கினால், அவனை அந்த ஊர்க்காரர்கள் பார்க்கிற பார்வையில் அன்பும், கேலியும், சற்றே எரிச்சலும் கலந்திருக்கின்றன. மூத்த பிள்ளை நியூஜெர்ஸியிலும் இளைய பெண் மெல்போர்னிலுமாக வாழ்கிற குடும்பங்கள் இன்று நம் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆகவே இந்தக் கலவையைப் பிரித்துப் பார்ப்பது நமக்கும் சம்பந்தமில்லாத காரியமாகாது.

முதலில் கேலியை எடுத்துக் கொள்வோம். அமெரிக்கரை 'யாங்க்' என்பது பழைய பெயர். சொற்களோடு எதுகை விளையாடுவதில் ஆஸ்திரேலியருக்கு ஒரு தனி ஆசை. 'யாங்க்' என்பதற்கு எதுகையாகச் 'செப்டிக் டாங்க்' என்று சொல்லி, பிறகு அதையும் சுருக்கிச் 'செப்போ' ஆக்கிவிட்டார்கள். செப்டிக் டாங்க் என்பது என்ன வஸ்து என்று நம் நகரவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வந்த விருந்தாளியை இப்படியா அழைப்பது என்று நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தத் தேசத்தில் மிக மரியாதையாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். நண்பனுக்குத்தான் வசவுப் பெயர் கிடைக்கும். நம் கிராமங்களில் அத்தை மகனைக் கேலி செய்ய ஓர் உரிமை உண்டல்லவா? ஏறக்குறைய அந்த உரிமைதான் இது. கேலியைச் சிரித்துக்கொண்டே வாங்கி, கூடவே ஒன்று திருப்பியும் கொடுக்கிறவன் அன்றைக்கே வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறான். முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்கிறவன் கடைசி வரையில் வெளியூர்க்காரன்தான்.

கேலிக்கு அடியில் சில குறைகளும் உண்டு. அமெரிக்கர் உரத்துப் பேசுகிறார்கள், எதையும் பெரிதாக்கிச் சொல்கிறார்கள், தம்முடைய ஊரையும் மாகாணத்தையும் உலகம் முழுவதும் தெரிந்து வைத்திருக்கும் என்று நினைக்கிறார்கள் என்பார்கள். ஆஸ்திரேலியர் வாயில் 'மோசமில்லை' என்று வந்தால் அது பெரிய பாராட்டு. தலை உயர்த்தி வளர்ந்து நிற்கிற கசகசாச் செடியின் பூவைக் கிள்ளி எறிந்து மற்றச் செடிகளுக்குச் சமமாக்கிவிட வேண்டும் என்பது அவர்களுடைய பேச்சு வழக்கு. அமெரிக்கனோ, உயர்ந்து நிற்பதற்காகவே வளர்க்கப்பட்டவன். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிப் பழகிய அமெரிக்க மாணவி சிட்னியில் 68 வாங்கிவிட்டு அழுவாள். அதே 68 வாங்கிய உள்ளூர்ப் பையன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கொண்டாடப் போவான். அங்கே 50 வாங்கினால் தேர்ச்சி. 85 வாங்கிவிட்டால் அதுவே மிக உயர்ந்த வகுப்பு. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான். அளவுகோல் வேறு.

இன்னொரு வழக்கம் உண்டு. என் கேள்விக்கு அதுதான் சாவி என்று நான் நினைக்கிறேன். அங்கே மதுக்கடையில் நண்பர்கள் கூடினால் ஒவ்வொருவராக முறை வைத்து எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும். இதற்கு 'ஷவுட்' என்று பெயர். தன் முறை வரும்போது நழுவுகிறவனை அவர்கள் லேசில் மன்னிப்பதில்லை. ஆனால், "எல்லா முறையும் என்னுடையதே!" என்று பணப்பையைத் திறக்கிறவனையும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. முதலாமவன் தன் கடனை அடைக்காதவன். இரண்டாமவன், மற்றவர்களைத் தங்கள் கடனை அடைக்க விடாதவன்.

அமெரிக்கா என்கிற தேசம் ஆஸ்திரேலியாவின் கண்ணுக்கு இந்த இரண்டாவது மனிதனைப் போலத்தான் தோன்றியிருக்கிறது.

1908-ம் வருஷம், பிரதமர் ஆல்பிரட் டீக்கின் அழைப்பின் பேரில், வெள்ளை வர்ணம் பூசிய பதினாறு அமெரிக்கப் போர்க் கப்பல்கள் சிட்னித் துறைமுகத்துக்கு வந்தன. கரை கொள்ளாத ஜனக்கூட்டம் நின்று வரவேற்றது. அப்போது அமெரிக்கர் வெறும் விருந்தாளிகள். வந்தார்கள், உபசாரம் பெற்றார்கள், போனார்கள். ஒருவருக்கும் மனக்கசப்பில்லை. முப்பத்து நாலு வருஷங்களுக்குப் பிறகு வந்தவர்கள் அப்படிப் போய்விடவில்லை.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. நாலே நாளில், 19-ந் தேதி, ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரத்தின் மேல் குண்டு வீசின. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காப்பாற்றும் என்று நூறு வருஷத்துக்கு மேல் நம்பியிருந்த பிரிட்டன் வெகு தூரத்தில் தன் யுத்தத்தில் மூழ்கிக் கிடந்தது. இனி நாங்கள் அமெரிக்காவைத்தான் எதிர்பார்க்கிறோம் என்ற கருத்தை, 1941 டிசம்பர் கடைசியிலேயே பிரதமர் ஜான் கர்ட்டின் ஒரு மெல்போர்ன் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதிவிட்டிருந்தார். மார்ச் மாதத்தில் ஜெனரல் மக்ஆர்தர் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் சேனை வந்தது. யுத்தம் முடிவதற்குள் சுமார் பத்து லட்சம் அமெரிக்கச் சிப்பாய்கள் அந்தத் தேசத்தின் வழியாகப் போய் வந்தார்கள். அப்போது அங்கே ஜனத்தொகையே எழுபது லட்சந்தான்.

வந்தவர்கள் காக்க வந்தவர்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்குச் சம்பளம் உள்ளூர்ச் சிப்பாயைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அவர்களுடைய தனிக் கடைகளில் சிகரெட்டும் சாக்லேட்டும் மலிவாகக் கிடைத்தன; உள்ளூர்ச் சிப்பாய்க்கு அங்கே அனுமதி கிடையாது. பெண்களுக்குப் பூச்செண்டு வாங்கிக் கொடுக்கவும், டாக்ஸியில் அழைத்துப் போகவும் அவர்களிடம் பணம் இருந்தது. யுத்தத்தின் முடிவில் சுமார் 12,000 ஆஸ்திரேலியப் பெண்கள் அமெரிக்கரை மணந்து கப்பலேறினார்கள். பாலைவனத்தில் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பிய வாலிபனுக்குத் தன் தெருவே அந்நியமாகத் தெரிந்தது.

1942 நவம்பர் 26-ந் தேதி இரவு பிரிஸ்பேன் நகரத்தில் அது வெடித்தது. அமெரிக்கச் சிப்பாய்களின் கடை வாசலில் இரண்டு நாள் பெருங்கலவரம் நடந்தது; ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாய் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். பலர் காயமடைந்தார்கள். தணிக்கையினால் செய்தி வெளியே போகவில்லை. இதே மாதத்தில்தான் பப்புவாக் காடுகளில் இரு நாட்டு வீரர்களும் தோளோடு தோள் சேர்ந்து போரிட்டுச் செத்துக் கொண்டிருந்தார்கள். ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்ட விஷயம் வேறு. அந்தச் சண்டை ஆரம்பித்த விதத்தை வரலாறு இப்படிச் சொல்கிறது: அமெரிக்க ராணுவப் போலீஸ்காரன் ஒருவன் ஓர் அமெரிக்கச் சிப்பாயை வழிமறித்துத் தடியை ஓங்கினான், அந்தச் சிப்பாய்க்காகப் பரிந்துகொண்டு முன்னால் பாய்ந்தவர்கள், அவனோடு பேசிக் கொண்டிருந்த ஆஸ்திரேலியர்கள்! அமெரிக்கருக்கு எதிரான கலவரம், ஓர் அமெரிக்கனைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கியது. தேசம் வேறு, மனிதன் வேறு என்பது அந்த முதல் நிமிஷத்தில் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நிமிஷம் மறந்துவிட்டது.

உதவி பெற்றவனின் மனம் ஒரு விசித்திரமான பிராணி. பஞ்ச காலத்தில் நெல் அளந்து கொடுத்த மிராசுதாரைப் பற்றித்தான் பிற்காலத்தில் திண்ணைகளில் அதிகமாகக் குறை பேசுவார்கள். அதை நன்றிகெட்டதனம் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றி இருக்கிறது, திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் உள்ளேயே தேங்கிக் கிடக்கிற நன்றி அது. தேங்கிய தண்ணீர் நாற்றமெடுக்கத்தானே செய்யும்? இத்தனைக்கும் அந்தக் கடன் ஒருபக்கக் கடனும் அல்ல. அந்தப் பிரதேசத்தில் போரிட்ட அமெரிக்கச் சேனைக்கு உணவில் பெரும்பகுதி ஆஸ்திரேலியப் பண்ணைகளிலிருந்துதான் போயிற்று. பசிபிக் யுத்தத்துக்கு அமெரிக்காவுக்கும் ஒரு தளம் வேண்டியிருந்தது. ஆயினும் சிறியவன் பெரியவனிடம் பெற்றதையே நினைவில் வைத்துக் கொள்கிறான். கொடுத்ததைப் பெரியவன் நினைவில் வைத்திருப்பதில்லை.

தலைநகரமான கான்பராவில் மக்களிடம் நன்கொடை திரட்டி, அமெரிக்க உதவிக்கு நன்றியாக வானளாவிய ஸ்தூபி ஒன்றை எழுப்பினார்கள். 1954-ல் எலிசபெத் ராணி அதைத் திறந்து வைத்தார். உச்சியில் சிறகு விரித்த கழுகு. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தச் சிறகுகள் நீண்ட காதுகளாகத் தெரியும். ஊர் ஜனங்கள் அதைப் பார்த்து, கார்ட்டூன் படத்தில் வருகிற முயல் என்று சிரிப்பார்கள். நன்றியும் மெய்; சிரிப்பும் மெய். சிரிப்பு இல்லாவிட்டால் அந்த நன்றியைச் சுமந்துகொண்டு அவர்களால் நிமிர்ந்து நிற்க முடியாது.

பெரியவனுடைய மறதிக்கு அண்மைக் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2021 செப்டம்பரில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்கள் பற்றிய பெரிய உடன்பாட்டை மூன்று தேசத் தலைவர்கள் சேர்ந்து அறிவித்தார்கள். நன்றி கூறும்போது ஜனாதிபதி பைடன், ஆஸ்திரேலியப் பிரதமர் மாரிஸனின் பெயரைச் சொல்லாமல், பூமியின் கீழ்ப்புறத்து ஆசாமி என்கிற தோரணையில் குறிப்பிட்டுவிட்டார். ஆஸ்திரேலியர் சிரித்துக் கொண்டார்கள். அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர்களை அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அமெரிக்கத் திரைப்படம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். தம்மைப் பற்றி எதிர்வீட்டுக்காரனுக்கு ஒன்றுமே தெரியாது என்கிற எண்ணம் சிரித்தாலும் உள்ளே குத்தும்.

இதுவரை சொன்னவற்றை வைத்துப் பார்த்தால் ஆஸ்திரேலியர் மேல் நமக்கு அனுதாபமே மிஞ்சும். ஆனால் விருந்தளிக்கிறவன் பக்கத்திலும் பழி உண்டு. 1942-ல் வந்த சேனையில் நீக்ரோச் சிப்பாய்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பு அமெரிக்கர்களும் இருந்தார்கள். 1901 முதல் வெள்ளையரல்லாதாரைக் குடியேறவிடாத சட்டம் ஆஸ்திரேலியாவில் இருந்தது. நம் போன்றவர்களுக்கும் அந்தக் கதவு சாத்தித்தான் இருந்தது. 1973-ல்தான் முற்றிலும் திறந்தது. கறுப்புச் சிப்பாய்கள் வருவதற்கு ஆஸ்திரேலிய சர்க்கார் முதலில் ஆட்சேபம் தெரிவித்து, பிறகு வேறு வழியின்றிச் சம்மதித்தது. பிரிஸ்பேனில் அவர்களை ஆற்றின் தென்கரைக்குள்ளேயே நிறுத்தி வைத்தார்கள். அந்தத் தடையில் அமெரிக்க ராணுவத்தின் சொந்த நிறவெறிக்கும் பங்கு உண்டு. காக்க வந்தவனிடமே, "நீ இந்தக் கரையோடு நில்" என்று இரண்டு தேசங்களும் சேர்ந்து சொல்லின. ஆனால் சாதாரண ஆஸ்திரேலியக் குடும்பங்கள் சில அவர்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டன. சர்க்கார் மூடிய கதவை ஒரு வீட்டுக்காரி திறந்தாள் என்றால், தேசத்தை விட மனிதன் உயர்ந்து நிற்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இதைவிடக் கடினமான சோதனை வியட்நாம் யுத்தத்தின் போது வந்தது. 1966 அக்டோபரில் ஜனாதிபதி ஜான்ஸன் ஆஸ்திரேலியா வந்தார். லட்சக்கணக்கானவர்கள் வரவேற்றார்கள், மெல்போர்னில் அவருடைய காரின் மேல் வர்ணத்தை வீசியவர்களும் இருந்தார்கள். ஒரு ஜனாதிபதியின் காரில் வர்ணம் பூசுவதைப் பற்றி எனக்குப் பெரிய தர்மசங்கடம் இல்லை. அவர் தம் தேசத்துக்காகவே வந்தவர். தேசத்தின் பழியையும் ஏற்கத்தான் வேண்டும்.

ஆனால் 1967-லிருந்து போர்க்களத்திலிருந்து சில நாள் விடுமுறையில் சிட்னிக்கு வந்து போன சிப்பாய்கள்? கிங்ஸ் கிராஸ் தெருக்களில் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்த பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள்? அந்த யுத்தம் அநியாயம் என்று நம்பிய ஓர் ஆஸ்திரேலியத் தாயின் வீட்டு வாசலில் அவர்களில் ஒருவன் வந்து நின்றால், அவள் என்ன செய்ய வேண்டும்? பல குடும்பங்கள் அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து விருந்தோம்பின. யுத்தத்தை எதிர்த்து ஊர்வலம் போனவர்களும் அந்த ஊரிலேயே இருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1971 வரையில் பெரும்பாலான மாகாணங்களில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆஸ்திரேலியாவிலும் 1973 வரையில் அதே 21 தான். ஆஸ்திரேலிய சர்க்காரோ இருபது வயது வாலிபர்களைக் குலுக்கல் போட்டுக் கட்டாய ராணுவத்துக்கு எடுத்தது. அந்த யுத்தத்தில் மாண்ட ஆஸ்திரேலியர் ஐந்நூறுக்கு மேல். விடுமுறையில் வந்த அமெரிக்கப் பையனும், குலுக்கலில் அகப்பட்ட ஆஸ்திரேலியப் பையனும் ஒரே படகில் இருந்தவர்கள். தம்மைச் சாக அனுப்பிய சர்க்காரைத் தேர்ந்தெடுப்பதில் இருவருக்கும் எந்தப் பங்கும் இல்லை. அவர்களில் ஒருவனைப் பிடித்து, "உன் தேசம் செய்வது சரியா?" என்று கேட்பது யாரிடம் கேட்கிற கேள்வி?

இனி இன்றைய காலத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு மெல்போர்னில் ஒரு நண்பர் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும். ஆறு மாதம் படிக்க வந்த அமெரிக்கப் பெண்ணொருத்தி அவர்கள் வீட்டில் தங்கியிருந்தாள். வயது இருபது, ஒஹையோ மாகாணத்துக்காரி. ஏப்ரல் மாதத்து இலையுதிர் கால மாலையொன்றில் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பெரியவருக்குக் கேலி அதிகம், மனத்தில் கள்ளமில்லை. அந்தப் பெண்ணிடம் அமெரிக்கருக்கு அங்கே எல்லோரும் போடுகிற கேள்விகளை அவரும் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏன் சொத்தை விற்க வேண்டியிருக்கிறது? தேர்தலில் ஏன் பாதிப் பேர் ஓட்டுப் போடாமல் வீட்டில் உட்காருகிறீர்கள்? கடைசியாக, உங்கள் ஜனங்களுக்கு ஏன் இத்தனை துப்பாக்கி?

கேட்க அவருக்குத் தகுதி உண்டு. 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, அவருடைய தேசம் சட்டத்தை இறுக்கி, ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்துவிட்டது.

அந்தப் பெண் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது, துப்பாக்கிக்காரன் வந்தால் மேஜைக்கு அடியில் சத்தம் போடாமல் எப்படி ஒளிந்துகொள்வது என்று பயிற்சி கொடுத்தார்கள். எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அன்று முழுவதும் மற்றப் பிள்ளைகள் என்னோடு பேசவில்லை" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை, சமாசாரமாகத்தான் சொன்னாள்.

மேஜையில் பேச்சு நின்றுவிட்டது. பெரியவர் எழுந்து போய், அவளுக்குத் தேநீர் போட்டுத் தாமே கொண்டுவந்து வைத்தார். அதற்கப்புறம் அன்று கேலியே பேசவில்லை. வீடு திரும்புகையில் என் நண்பரின் மனைவி சொன்னாள்: "ஏன் அண்ணா, மாமியார் கொடுமை தாங்காம வந்து நிக்கிற பொண்ணுகிட்டயே, 'உங்க வீட்ல ஏன் இப்படிக் கொடுமை பண்றீங்க'ன்னு கேட்ட மாதிரி இல்லே?"

அவள் சொன்னதில் முழு நியாயமும் இருக்கிறது. ஒரு தேசத்தின் குற்றத்துக்கு முதல் பலி அநேகமாக அந்தத் தேசத்துப் பிள்ளைகள்தான். வெளியூரில் அவர்களைப் பார்க்கிறபோது நாம் அதை மறந்துவிடுகிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு என்பதை நான் அறிவேன். ஜனநாயகத்தில் சர்க்கார் என்பது ஜனங்கள் அல்லவா? ஓட்டுப் போட்ட பிரஜை, சர்க்காரின் செயலுக்கு நான் பொறுப்பில்லை என்று கை கழுவிவிட முடியுமா? தன் தேசம் சந்திரனுக்குப் போனதைப் பற்றிப் பெருமைப்படுகிறவன், தன் தேசம் வியட்நாமுக்குப் போனதைப் பற்றி வெட்கப்பட வேண்டாமா? இதுவும் நியாயமே. புகழில் பங்கு கேட்கிறவன் பழியில் பங்கை மறுக்கக் கூடாது. வெளிதேசம் போகும்போது சில அமெரிக்கர்கள் தோள்பையில் கானடா தேசத்துக் கொடியைத் தைத்துக்கொண்டு போவதுண்டு என்று சொல்வார்கள். அந்தக் கொடியின் பின்னால் ஒளிகிற பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் அது அழகல்ல. "ஆம், நான் அந்தத் தேசத்தவன்தான். அது செய்ததில் சிலவற்றைப் பற்றி எனக்கு வெட்கம் உண்டு" என்று சொல்லிவிட்டு நிற்கிறவனிடம்தான் எனக்கு மதிப்பு.

ஆனால் பொறுப்பு என்பது ஒன்று. தண்டனை என்பது இன்னொன்று. விருந்தாளியிடம் அவன் தேசத்தைப் பற்றிக் கேட்கலாம், வாதாடலாம், கேலியும் செய்யலாம். ஊமையாக உட்கார வைத்து உபசரிப்பது விருந்தாகாது. ஆனால் அவன் தேசத்தின் கணக்கை எழுதி அவன் கையில் நீட்டக் கூடாது. கேள்விக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது? பதிலுக்காகக் காத்திருப்பதில் இருக்கிறது. பதில் கேட்பவனுக்கு எதிரில் இருப்பவன் மனிதன். பதிலை எதிர்பாராமல் கேட்பவனுக்கு எதிரில் இருப்பது கொடிக் கம்பம். அந்த ரெயில்வேக்காரர் கேட்டது கடுமையான கேள்விதான். ஆனால் பதில் வந்தபோது அது அவர் காதில் விழுந்தது. அதனால்தான் அவர் எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

ஆஸ்திரேலியர் பெரும்பாலோர் இந்த வித்தியாசத்தை அறிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2025-ல் லோவி இன்ஸ்டிட்யூட் என்கிற ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணிப்பில், உலகத்தில் அமெரிக்கா பொறுப்போடு நடந்துகொள்ளும் என்று நம்பியவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். அதே கணிப்பில், அமெரிக்கக் கூட்டணி தங்கள் பாதுகாப்புக்கு முக்கியம் என்றவர்கள் 80 பேர். நம்பிக்கை குறைந்தும் உறவு அறவில்லை. இப்படி ஒரு சமயத்தில் அங்கே போய் இறங்குகிற அமெரிக்கப் பிள்ளைக்குக் கேள்விகள் கூடுதலாகத்தான் வரும். கேட்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டியதும் இந்தச் சமயத்தில்தான்.

விருந்தாளியின் தேசம் தவறு செய்தால் அவனைப் பார்த்ததும் அந்தத் தேசம் நினைவுக்கு வருகிறது. விருந்தாளி நன்மை செய்தால் அவன் தேசம் நினைவுக்கு வருகிறதா? கான்பரா நகரத்தை அமைக்கத் திட்டம் தந்தவர் வால்டர் பர்லி கிரிபின், சிகாகோக்காரர். அவருடைய மனைவி மேரியன் மஹோனி வரைந்த அழகிய சித்திரங்களோடு போன திட்டம் 1912-ல் போட்டியில் வென்றது. கணவனும் மனைவியும் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அதிகாரிகளோடு ஓயாத மல்லுக்கட்டு. 1920-ல் அந்தப் பதவியிலிருந்து அவர் விலக நேர்ந்தது. பிறகு நம் தேசத்துக்கு வந்து, 1937-ல் லட்சுமணபுரி என்கிற லக்னோவில் காலமானார். அங்கேதான் அவருடைய சமாதி. அவர் திட்டத்தில் கண்ட ஏரி 1964-ல்தான் நிரம்பியது. அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த ஏரிக்கரையில் மாலையில் உலாவுகிறவர்களில் எத்தனை பேர், 'இது ஓர் அமெரிக்க விருந்தாளி கொடுத்தது' என்று நினைப்பார்கள்? நன்மை செய்தவன் மனிதனாகிவிடுகிறான். தவறு செய்தவன் மட்டும் தேசமாகவே இருக்கிறான். நம் எல்லோருடைய கணக்கிலும் இந்தப் பிழை உண்டு. வெளியூர் ஜாதிக்காரன், வடநாட்டுக் கூலி, அண்டை மாநிலத்துக் கடைக்காரன் என்று நம் தெருவுக்கு வருகிறவர்கள் விஷயத்தில் நாம் எப்படி என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக் கொள்ளலாம்.

கடைசியாக, கடனைப் பற்றி ஒரு வார்த்தை. யுத்தம் முடிந்தபோது, அமெரிக்கா கொடுத்த தளவாடங்களின் கணக்கில் ஆஸ்திரேலியா ஒரு தொகை தர வேண்டியிருந்தது. அதில் ஒரு பகுதியைப் பணமாக வாங்கிக்கொண்டு போகாமல், இரு தேசத்து மாணவர்களும் அறிஞர்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்ப் படித்துவர அதைச் செலவிடுவது என்று 1949-ல் உடன்படிக்கை செய்தார்கள். செனட்டர் புல்பிரைட்டின் பெயரால் வழங்கும் உதவித் திட்டம் அது. பிறகு 1964-ல் இரண்டு சர்க்கார்களும் செலவைப் பங்கிட்டுக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. 'எல்லாம் என்னுடையதே' என்று பணப்பையைத் திறந்து கொண்டிருந்த பெரியவனும், மனத்துக்குள் புழுங்கிக் கொண்டிருந்த சிறியவனும் அன்று முறை வைத்துக் கொண்டார்கள்.

பீரங்கிக்கும் லாரிக்கும் பட்ட கடன், வீட்டுக்கு வருகிற பிள்ளைகளாக மாறியது. அவர்களிடம் வசூலிக்க இனி ஒன்றும் பாக்கியில்லை. சாப்பாடு போட்டு, நாலு கேள்வி கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலையும் காதில் வாங்கிக்கொண்டால் போதும்.